மீட்டமைத்தல் என்னும் பெயரிலே: உரோட்ஸ் நகரின் மரபுரிமை குறித்து

மத்தியதரைக் கடலின் கீழைப் பகுதியிலே, சின்னாசியாவின் கரைக்கு மிக அண்மையில் அமைந்துள்ளது உரோட்ஸ் தீவு. அதன் தலைநகராகிய துறைமுக நகரம் 1988ஆம் ஆண்டில் ‘உரோட்ஸ் மத்தியகால நகரம்’ என்னும் பெயரோடு யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. இலங்கையின் காலிக் கோட்டை நகரும் கண்டி நகரும் அதே ஆண்டில் அப்பட்டியலில் இடம்பெற்றன என்பதை இலங்கை வாசகர் அறிவர். அன்றிலிருந்து இந்நகரம் பாதுகாப்புக்கு ஓர் இலக்கணம் என்றே பேசப்பட்டு வருகின்றது. ஏறத்தாழ நான்கு கிலோமீற்றர் நீளமான மதில்கள், அகழிகள், வாயில்கள், கல்வேய்ந்த வீதிகள், அவற்றின் உச்சியிலே பெருந்தலைவர் மாளிகை ஆகிய யாவும் குலையாது நிற்கின்றன எனப் பயணக் கையேடுகள் வியந்துரைக்கின்றன. கையேடுகள் வியப்பதில் வியப்பில்லை. அவை எழுதப்படுவதே அதற்காகத்தான். ஆயின், வரலாற்றுத் துறையினரும் கட்டடக்கலை பயில்வோரும் அதே வியப்பை ஆராயாது திருப்பிச் சொல்வது பொறுத்துக்கொள்ளத் தக்கதன்று.

இந்நகரிற் பயணி காணும் ‘மத்தியகாலம்’ கணிசமான அளவுக்கு இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலே ஆக்கப்பட்ட ஒன்றாகும். ஆக்கியவர் இத்தாலியக் குடியேற்ற ஆட்சியாளர்; பின்னாளிற் பாசிச ஆட்சியாளர். அவர்கள் பழையதைக் காத்ததோடு நில்லாது, பழையதுள் எதனை வைத்துக்கொள்வது, எதனை இடித்தெறிவது என்றுந் தீர்மானித்தனர். அத்தீர்மானம் கல்லைப் பற்றியது மட்டுமன்று. எந்த மக்கள் இந்நகருக்கு உரியவர், எவர் இடையில் வந்து ஒட்டிக்கொண்டவர் என்ற தீர்ப்பும் அதனுள் அடங்கியிருந்தது. அத்தீர்ப்பினை இன்றுவரை எவரும் முறையாக மீள்விசாரணைக்கு எடுக்கவில்லை என்பதே இந்நகரின் மரபுரிமை பற்றிய பேச்சிலுள்ள பெருங்குறை.

நகரின் வரலாற்றைச் சுருங்கக் கூறுதல் இங்குப் பொருத்தமாகும். கி.மு. 408இல் இத்தீவின் இயலிசொஸ், லிந்தொஸ், கமீரொஸ் என்னும் மூன்று பழைய நகரரசுகள் ஒன்றுகூடிப் புதியதொரு நகரைத் தோற்றுவித்தன. நேர்கோட்டுத் தெருக்களால் அமைந்த அந்நகரின் திட்டம் மிலேத்தசைச் சேர்ந்த ஹிப்பொதாமசின் பெயரோடு தொடர்புபடுத்திப் பேசப்படும். பின்னர் உரோமர் ஆட்சி, பைசாந்தியர் ஆட்சி. 1309 தொடக்கம் 1522 வரை புனித யோவான் சபையின் போர்த்துறவியர் ஆட்சி. 1522இல் சுல்தான் சுலைமானின் முற்றுகைக்குப் பின் 1912 வரை ஒட்டோமன் துருக்கியர் ஆட்சி. அதன்பின் இத்தாலியர், 1943இல் ஜேர்மனியர், 1945இல் பிரித்தானியர்; 1947இலிருந்து கிரேக்கம். போர்த்துறவியரின் காலம் இருநூற்றுப் பதின்மூன்று ஆண்டுகள். ஒட்டோமன் காலம் முந்நூற்றுத் தொண்ணூறு ஆண்டுகள். கால அளவால் மட்டும் வரலாற்றை அளத்தல் முறையன்றுதான். எனினும், ஒரு நகரின் பெயர்ப்பலகையிலே குறுகிய காலத்துக்கு முழு உரிமையும், அதனின் ஏறத்தாழ இருமடங்கான காலத்துக்கு ஓர் அடிக்குறிப்பும் வழங்கப்படுமாயின் அதற்குக் காரணம் கேட்டே ஆகவேண்டும்.

1912 மே மாதத்தில் இத்தாலியப் படை உரோட்சில் இறங்கியது. துருக்கியரோடு லிபியாவைக் குறித்து நடந்த போரின் ஒரு பக்க விளைவே இவ்வாக்கிரமிப்பு. தீவிலே தமக்கு எந்தப் பூர்வீக உரிமையும் இல்லாத ஆட்சியாளர், உரிமை ஒன்றைத் தேடவேண்டியவராயினர். அவர்கள் தேடிக் கண்டுபிடித்த முன்னோர் இருவர்: உரோமப் பேரரசு ஒன்று, இலத்தீன் திருச்சபையைச் சேர்ந்த போர்த்துறவியர் மற்றொன்று. அச்சபையின் ‘நாவு’கள் எனப்பட்ட நாட்டுப் பிரிவுகளுள் இத்தாலிய நாவும் ஒன்று, புரோவன்சு, ஓவெர்ன், பிரான்சு, அரகொன், இங்கிலாந்து, ஜேர்மனி முதலியன ஏனையவை. இவ்வொரு நூலைப் பற்றிக்கொண்டு, மேற்குலகின் பழைய அரண் ஒன்று அதன் உரியவரிடம் மீண்டு வந்துவிட்டது என்ற கதை பின்னப்பட்டது. கதைக்கு மேடை தேவைப்பட்டது. போர்த்துறவியர் வீதி அம்மேடையாயிற்று.

துறைமுகப் பக்கத்திலிருந்து மேட்டை நோக்கி ஏறும் இவ்வீதியின் இருமருங்கிலும் நாவுகளின் விடுதிகள் உள்ளன. ஒட்டோமன் காலத்திலே இவற்றில் குடும்பங்கள் வாழ்ந்தன. வாழ்ந்தோர் தம் தேவைக்கேற்ப மாடிகளை எடுத்தனர். வீதியை நோக்கி மரத்தாலான மூடிய பலகணிகளைப் பொருத்தினர். வெயிலைத் தடுத்துக் காற்றை விடும் அப்பலகணிகள் அவ்வீதியில் நானூறு ஆண்டு வாழ்க்கையின் சான்றுகள். 1912க்கு முற்பட்ட ஒளிப்படங்களில் அவை காணப்படுகின்றன. இன்று வீதியிற் காணப்படா. இத்தாலியத் தொல்பொருட் பணியினர் அவற்றைக் கழற்றி எறிந்தனர். மேலெழுந்த மாடிகளைக் களைந்தனர். அடியிலிருந்த கல்முகப்பைத் துலக்கினர். விளைவாகக் கிடைத்தது ஆளற்ற, அரவமற்ற, மிகத் துப்புரவானதொரு வீதி. போர்த்துறவியர் வாழ்ந்த நாளிற்கூட அது அத்துணைத் துப்புரவாக இருந்திருக்குமா என்பது ஐயத்துக்குரியது. குதிரைகளும் சுமைகூலிகளும் சமையற் புகையும் இல்லாத மத்தியகால வீதி எங்கேனும் இருந்ததுண்டோ?

இதற்கு ஒரு மறுப்பு வழமையாகக் கூறப்படும். இத்தாலியர் வந்திராவிடில் இக்கட்டடங்கள் பாழாகியிருக்கும் என்பதே அது. இம்மறுப்பில் உண்மை ஒரு பகுதி உண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. மதில்களைச் சூழ்ந்த நிலத்திற் புதிய கட்டடங்கள் எழாது தடுத்தவர்கள் அவர்களே. 1440க்கும் 1489க்கும் இடையிற் கட்டப்பட்ட போர்த்துறவியரின் பெரிய மருத்துவமனையைச் செப்பனிட்டு அருங்காட்சியகமாக்கியவர்களும் அவர்களே. அமெதெயோ மையூரி போன்ற தேர்ந்த தொல்பொருளியலாளர் அங்குப் பணிபுரிந்தனர். இவை யாவும் ஒப்புக்கொள்ளத் தக்கவை. ஆனால், மதிலைச் சூழ்ந்த அந்நிலம் வெற்று நிலமன்று என்பதை மறுப்பாளர் சொல்வதில்லை. அங்கு முசிலிம்களதும் யூதர்களதும் இடுகாடுகள் இருந்தன. அவை அகற்றப்பட்டே பசுமை வளையம் உருவாக்கப்பட்டது. இன்று நிழல் தேடி அம்மரங்களின் கீழ் அமரும் பயணி எவருடைய முன்னோரின் இருப்பிடத்தில் அமர்கின்றான் என்பதை அவனுக்கு உரைப்பார் இல்லை. பாழாகாமற் காத்தல் வேறு. வேண்டாதாரை நீக்கிவிட்டு வேண்டியதைக் காத்தல் வேறு. இரண்டையும் ஒரே சொல்லாற் குறிப்பதே இவ்விடயத்திற் செய்யப்படும் முதலாவது மோசடி.

பெருந்தலைவர் மாளிகைக்கு வருவோம். பயணிகள் வரிசையாக நின்று நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்ப்பது இதனையே. மத்தியகாலத்தின் மணிமுடி என்று இது வருணிக்கப்படுகின்றது. இதன் உண்மை வரலாறு யாது? போர்த்துறவியரின் மாளிகை ஒட்டோமன் காலத்தில் சிறைச்சாலையாகப் பயன்பட்டுப் பழுதடைந்திருந்தது. 1856இல், அண்மையிலிருந்த புனித யோவான் ஆலயத்திற் சேமிக்கப்பட்டுக் கிடந்த வெடிமருந்து வெடித்தது. ஆலயம் அடியோடு அழிந்தது. மாளிகையின் மேற்பகுதி சிதைந்தது. நகரில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அதன்பின் எண்பது ஆண்டுகளாக அது ஓர் இடிபாடு. 1937க்கும் 1940க்கும் இடையில், ஆளுநர் செசாரே மரியா தெ வெக்கியின் கட்டளைப்படி, கட்டடக் கலைஞர் வித்தோரியோ மெஸ்தூரினோ அதனை மீண்டும் எழுப்பினார். கீழ்ப்பகுதியிலே பழைய கல் மிஞ்சியிருந்தது. மேலெழுந்தவற்றுக்கு முற்காலத்துப் பயணிகள் வரைந்த சித்திரங்களும் ஊகமுமே ஆதாரம். இத்தாலிய மன்னரும் முசோலினியும் வந்து தங்குவதற்கான இல்லமாக அது கருதப்பட்டது என்பர். முசோலினி அங்கு ஒருபோதும் தங்கவில்லை.

மாளிகையின் உட்புறம் இன்னும் விந்தையானது. அதன் தளங்களிலே பதிந்துள்ள அழகிய ஓவியப் பதிகற்கள் போர்த்துறவியருக்கு உரியனவல்ல; உரோட்ஸ் தீவுக்குரியனவுமல்ல. அயலிலுள்ள கோஸ் தீவில் அகழ்ந்தெடுக்கப்பட்ட பண்டைக் காலத் தளங்களைப் பெயர்த்துக் கொணர்ந்து இங்குப் பதித்தனர். கோஸ் தீவின் வீட்டுத் தளம், உரோட்சின் மத்தியகால மாளிகையிலே, பாசிச ஆளுநரின் வரவேற்பு மண்டபத்துக்கு விரிப்பாயிற்று. இதனை ‘மீட்டமைத்தல்’ என்று வழங்கும் மொழியிலே கொள்ளைக்கு என்ன சொல் உள்ளது என்பதை அம்மொழியாளரே கூறவேண்டும்.

அக்காலத்தில் நெறிமுறைகள் வகுக்கப்பட்டிருக்கவில்லை, எனவே இன்றைய அளவுகோலால் அன்றையோரை அளத்தல் ஆகாது என்று சிலர் சமாதானம் கூறுவர். இச்சமாதானம் உண்மைக்கு மாறானது. 1931இல் ஏதென்ஸ் நகரிலே கூடிய பன்னாட்டு மாநாடு, எந்தக் காலத்துப் பாணியையும் விலக்காது கடந்தகாலப் படைப்புகளை மதிக்கவேண்டும் என்று தெளிவாக விதந்துரைத்தது. அம்மாநாட்டிலே முன்னணியில் நின்றோருள் இத்தாலியரான குஸ்தாவோ ஜொவன்னோனியும் ஒருவர். 1932இல் இத்தாலி தனக்கெனவே ஒரு மீட்டமைப்புச் சாசனத்தை வகுத்துக்கொண்டது. ஐந்தாண்டு கழித்து உரோட்சில் நடந்தது, இத்தாலியரின் சொந்த நெறிக்கே முரணானது. உள்நாட்டில் ஒரு நீதி, குடியேற்றத்தில் வேறு நீதி என்பது ஏகாதிபத்தியத்தின் பொது வழக்கம். கட்டடக்கலை அதற்கு விலக்கன்று. 1964இன் வெனிஸ் சாசனம் ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டமைப்பு நின்றுவிடவேண்டும் என்று விதித்தது. அவ்விதிப்படி நோக்கின் மாளிகையின் மேல்மாடி முழுவதும் விதிமீறலாகும்.

தெ வெக்கி என்பார் யார் என்பதையும் மறத்தலாகாது. 1922இல் உரோம் நகரை நோக்கிய பாசிச அணிநடையைத் தலைமைதாங்கிய நால்வருள் அவர் ஒருவர். அவருக்கு முன்னர் ஆளுநராக இருந்த மாரியோ லாகோவின் காலத்திலே கட்டடக் கலைஞர் புளோரெஸ்தானோ தி பௌஸ்தோ மந்திராக்கித் துறைமுகத்தை ஒட்டிப் புதிய நகரப் பகுதியைக் கட்டியபோது, கீழைத்தேயக் குவிமாடங்களையும் வளைவுகளையும் அலங்காரங்களையும் தாராளமாகக் கையாண்டார். அதுவும் குடியேற்ற ஆட்சியாளனின் கண்ணுக்கு இன்பமூட்டிய கீழைத்தேயமே. உண்மையான கலப்பு அன்று. ஆயினும் தெ வெக்கிக்கு அதுவும் பொறுக்கவில்லை. ‘உரோசாக்களின் பெருவிடுதி’ முதலிய கட்டடங்களிலிருந்து கீழைச் சாயலுள்ள அலங்காரங்களை அவர் உரித்தெறிந்தார். ‘தூய்மைப்படுத்தல்’ என்பதே அதற்கு வழங்கிய பெயர். தம் ஆட்சியே பத்தாண்டுகளுக்கு முன் எழுப்பிய சுவரிலிருந்துகூடக் கீழைத்தேயத்தைச் சுரண்டி எடுக்கத் துணிந்தவரின் கையாற்றான் ‘மத்தியகால’ மாளிகை மீட்டெடுக்கப்பட்டது. அவ்விடுதி இன்று ஒரு சூதாட்ட நிலையம் என்பது வேறு கதை.

சுவரைத் தூய்மைப்படுத்திய ஆட்சி அத்துடன் அமையவில்லை. 1938இல் இத்தாலியின் இனச் சட்டங்கள் உரோட்சிலும் நடைமுறைக்கு வந்தன. இங்கே யூதர்களைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறவேண்டும். ஏனெனில் இந்நகரின் மரபுரிமைக் கதையில் மிகவும் திரிக்கப்பட்ட அதிகாரம் அவர்களுடையதே. 1480இல் துருக்கியர் முற்றுகையிட்டபோது மதிலைக் காத்தோருள் உரோட்ஸ் யூதரும் இருந்தனர். அம்முற்றுகையின் வெற்றித் தலைவர் பெருந்தலைவர் பியேர் தொபுசோன். 1502இல் அவரே, ஞானஸ்நானம் பெறுக அல்லது வெளியேறுக என்று யூதருக்குக் கட்டளையிட்டார். போர்த்துறவியரின் வீரத்தையும் பண்பையும் புகழ்ந்து பக்கம் நிரப்பும் நூல்கள் இதனை ஓரிரு வரியில் விழுங்கிவிடும். யூதர் மீண்டும் அந்நகரிற் செழித்தது 1522க்குப் பின்னர், ஒட்டோமன் ஆட்சியிலே. ஸ்பானியாவிலிருந்து துரத்தப்பட்ட மரபினர் தம் யூத ஸ்பானிய மொழியோடு இங்கு வந்து குடியமர்ந்தனர். மதிலகத்தின் கிழக்குப் பகுதி அவர்களது குடியிருப்பாயிற்று. 1577ஆம் ஆண்டுக்குரிய கஹால் ஷாலொம் தொழுகைக்கூடம் இன்றும் அங்கு உள்ளது; கிரேக்கத்தில் வழக்கிலுள்ளவற்றுள் அதுவே மிகப் பழையது.

இச்சமூகத்தின் முடிவு 1944 யூலையில் வந்தது. ஜேர்மனியர் முதலில் ஆண்களையும் பின்னர் பெண்களையும் குழந்தைகளையும் அழைத்துச் சிறைவைத்தனர். யூலை 23ஆம் நாள் அவர்களைத் துறைமுகத்துக்கு நடத்திச் சென்று மூன்று சரக்குப் படகுகளில் ஏற்றினர். ஏறத்தாழ 1,700 பேர். வழியிற் கோஸ் தீவில் ஏறத்தாழ நூறு பேர் சேர்க்கப்பட்டனர். பிரேயஸ் துறைமுகம், ஹைதாரி முகாம், பின்னர் புகையிரதம். ஆகத்து 16இல் அவுஷ்விற்ஸ். உயிர்தப்பியோர் ஏறத்தாழ 150 பேரே. துருக்கியத் துணைத்தூதர் செலாஹத்தின் உல்க்குமென், துருக்கியக் குடியுரிமையைக் காரணம் காட்டி நாற்பதுக்கும் மேற்பட்டோரை மீட்டார்.

இதனை நகரின் மரபுரிமையோடு எவ்வாறு தொடர்புபடுத்துவது என்று வினவுவோர் உண்டு. நேரடியான தொடர்பு ஒன்றைச் சுட்டலாம். எந்தத் துறைமுகத்தின் அழகு இன்று அஞ்சலட்டைகளில் விற்பனையாகின்றதோ, அத்துறைமுகத்தினூடாகவே அவர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களின் குடியிருப்பு இன்றுங் கடைத்தெருவாக உள்ளது. கடற்குதிரை உருவங்கள் பொருந்திய நீரூற்றைச் சுற்றியுள்ள சதுக்கத்துக்கு யூதத் தியாகிகள் சதுக்கம் என்று பெயரிடப்பட்டுள்ளது, நினைவுக்கல்லும் ஒன்றுண்டு. அதற்கு நன்றி கூறவேண்டியதே. ஆனால், ஒரு நகரின் நான்கு நூற்றாண்டுச் சமூகம் முழுவதும் அழிந்தமைக்கு ஒரு சதுக்கம், ஒருபோதும் நிகழாத அரசவருகைக்கென ஊகத்தாற் கட்டப்பட்ட மாளிகைக்கு நகரின் முதன்மை இடம் என்னும் விகிதம் எதனாலே தீர்மானிக்கப்பட்டது? கல்லின் உயரத்தாலா? அவ்வாறாயின், வாழ்ந்த மனிதரிலும் வாழாத மன்னர் மேலானவர் என்று மரபுரிமைத் துறை ஏற்றுக்கொண்டுவிட்டது என்றே கொள்ளவேண்டும்.

துருக்கியரின் நிலை இதனின் வேறுபட்டது, ஆயினும் மகிழ்ச்சிக்குரியதன்று. 1923இன் லொசான் உடன்படிக்கையை ஒட்டிய கட்டாயக் குடிமாற்றம் உரோட்ஸ் முசிலிம்களைத் தொடவில்லை. அன்று தீவு இத்தாலியர் வசமிருந்தது. அதே காரணத்தால், அவ்வுடன்படிக்கை கிரேக்கத்தின் முசிலிம் சிறுபான்மையினர்க்கு அளித்த காப்பும் இவர்களுக்கு உரித்தாகாது என்றாயிற்று. 1947க்குப் பின் பலர் துருக்கிக்குப் பெயர்ந்தனர். 1970களின் தொடக்கத்தில், கிரேக்க இராணுவ ஆட்சியின்போது, துருக்கி மொழிவழிக் கல்வியும் நிறுத்தப்பட்டது. பள்ளிவாசல்கள் பல பூட்டிக் கிடக்கின்றன. தொழுகைக்குத் திறந்திருப்பவை மிகச் சில. 1793இல் நிறுவப்பட்ட ஹாபிஸ் அஹமட் ஆகாவின் நூலகம் அரபு, பாரசீக, துருக்கி மொழிக் கையெழுத்துப் பிரதிகளோடு நிலைத்திருக்கின்றது. சுலைமானியப் பள்ளிவாசலுக்கு எதிரிலே உள்ள அதனைக் கவனியாது கடந்து மாளிகைக்கு விரைவோரே பலர். யுனெஸ்கோவின் விவரணம் ஒட்டோமன் பள்ளிவாசல்களையும் நீராட்டு இல்லங்களையும் குறிப்பிடாமலில்லை. குறிப்பிட்டுவிட்டு, ‘மத்தியகால நகரம்’ என்றே பெயரிடுகின்றது. ஐரோப்பிய வரலாற்றின் காலப் பகுப்பினை ஒரு கீழைத் துறைமுகத்தின் நெற்றியிலே ஒட்டியதனால், 1522க்குப் பின் நிகழ்ந்தது எதுவும் அந்நகரின் சாரமாகாது என்பது சொல்லாமலே சொல்லப்பட்டுவிட்டது.

கிரேக்கர் தரப்பிலே எழும் வாதம் வேறுவகையானது. இந்நகர் பிறப்பாலே கிரேக்கருடையது. போர்த்துறவியரும் துருக்கியரும் இத்தாலியரும் யாவரும் அந்நியரே. ஆதலால் எந்த அந்நியரின் அடுக்கு நின்றால் என்ன, எது போனால் என்ன என்பது அது. இதன்பின்னால் உண்மையான வேதனை ஒன்றுண்டு. போர்த்துறவியரின் ஆட்சியிலே தீவின் கிரேக்கர் படகு வலிக்கும் கட்டாயச் சேவைக்கு ஆட்பட்டிருந்தனர். சபையின் உட்கோட்டத்துள் குடியிருக்கும் உரிமை அவர்களுக்கில்லை. ஒட்டோமன் ஆட்சியிலே சூரியன் மறைந்தபின் மதிலகத்துள் தங்க அவர்களுக்கு அனுமதியில்லை. மதிலுக்கு வெளியே புறநகர்களை அமைத்து வாழ்ந்தனர். இத்தாலியர் ஆட்சியிலே அவர்களின் கல்வியும் திருச்சபையும் நெருக்கப்பட்டன. இவ்வளவுக்கும் ஆளானோர் தம் நகரென்று உரிமை பாராட்டுவது இயல்பே. இயல்பானது எல்லாம் நியாயமாகிவிடாது. பூர்வீகம் என்னும் ஒரே அளவையால் மரபுரிமையை அளப்போர், தம்மை ஒடுக்கிய இத்தாலியர் கையாண்ட அதே அளவுகோலையே ஏந்துகின்றனர். முனை மட்டுமே மாறியுள்ளது. கோட்டைப் பகுதியிலுள்ள அன்னை மரியாள் ஆலயத்தை நோக்குக. பைசாந்தியர் அதனைப் பேராலயமாகக் கட்டினர். இலத்தீனர் அதன் கூரையைத் தம் கொதிக் பாணியில் மாற்றிக்கொண்டனர். துருக்கியர் அதனை எந்தெரும் பள்ளிவாசல் ஆக்கினர். இன்று அது காட்சியகம். மினாரா அங்கு இன்றில்லை. இக்கட்டடத்திற் கிரேக்கத்தை மட்டும் பிரித்தெடுக்க முற்படுபவர் இறுதியிற் கூரையில்லாச் சுவர்களோடு நிற்கவேண்டியிருக்கும்.

துறைமுக நகரொன்றின் மரபுரிமையைக் கோட்டையிலும் மாளிகையிலும் தேடுவதே அடிப்படையிற் பிழையானது என்ற வாதத்தையும் முன்வைக்கலாம். உரோட்ஸ் உலகுக்கு அளித்த கொடை மதில் அன்று, சட்டம். புயலிலே கப்பலைக் காக்கும்பொருட்டுச் சரக்கின் ஒரு பகுதி கடலில் எறியப்படுமாயின், எஞ்சிய சரக்கின் உரிமையாளர் யாவரும் அந்நட்டத்தைப் பகிர்ந்துகொள்ளவேண்டும் என்னும் விதி, உரோட்சியரின் விதி என்றே உரோமச் சட்டத் தொகுப்பில் இடம்பெற்றது. இன்றைய கப்பற் காப்புறுதிச் சட்டங்களிலும் அவ்விதியின் சாரம் வாழ்கின்றது. அத்துறைமுகத்தின் வளம் எத்தகையது என்பதற்கும் ஒரு சான்று உண்டு. கி.மு. 167ஐ அடுத்து உரோமர் டீலொசைச் சுங்கமற்ற துறைமுகமாக்கியதும், உரோட்சின் துறைமுக வருமானம் பத்து இலட்சம் திரக்மாவிலிருந்து ஒன்றரை இலட்சமாக வீழ்ந்தது என உரோட்ஸ் தூதர் முறையிட்டதைப் பொலிபியஸ் பதிந்துள்ளார். ஒரு வாளும் உறையிலிருந்து உருவப்படாமல் ஒரு வல்லரசு ஒரு துறைமுகத்தைக் கொன்ற கதை அது. இதற்கு நுழைவுச்சீட்டு விற்க இயலாது; ஆகவே இது கையேடுகளில் இல்லை.

சீட்டு விற்கத்தக்க ஒன்று கைவசம் உள்ளது, அதுதான் கொலோசஸ். கி.மு. 305இல் தொடங்கிய தெமெத்திரியசின் முற்றுகை முறிந்தபின், லிந்தொசைச் சேர்ந்த காரெஸ் என்னும் சிற்பி சூரியக் கடவுளுக்கு எடுத்த ஏறத்தாழ முப்பத்து மூன்று மீற்றர் உயரமான வெண்கலச் சிலை, கி.மு. 226ஐ அண்டி நிலநடுக்கத்தில் விழுந்தது. துறைமுக வாயிலின் இருபுறமும் கால்பரப்பி நின்றது என்பது பிற்காலத்தாரின் கற்பனை. இதனை மீள எழுப்பவேண்டும் என்ற திட்டங்கள் அவ்வப்போது தலைதூக்குகின்றன. 2015இல் வெளியான ஒன்று, ஏறத்தாழ நூற்றைம்பது மீற்றர் உயரத்தில், உள்ளே நூலகமும் காட்சியகமும் கொண்டதாக அமையுமென அறிவித்தது. பழஞ்சிலையின் நாலரை மடங்கு! சிலை விழுந்ததைக் கண்ட உரோட்சியர் தாமே, தெய்வவாக்குக்கு அஞ்சி, அதனை நிமிர்த்தாது விட்டனர் என்று ஸ்திராபோ எழுதியுள்ளார். அவர்களிலும் இற்றைத் திட்டக்காரர் உரோட்சுக்கு உரியவரோ? தெ வெக்கியின் மாளிகைக்கும் இச்சிலைத் திட்டத்துக்கும் வேறுபாடு மிகச் சிறிது. அங்கு அதிகாரத்துக்கு ஒரு கடந்தகாலம் வேண்டியிருந்தது. இங்கு வணிகத்துக்கு வேண்டியிருக்கின்றது.

இனி, செய்யத்தக்கது யாது? மாளிகையை இடிக்கவேண்டும் என்று எவரேனுங் கூறுவராயின் அது மடமை. தெ வெக்கி செய்த பிழையையே திருப்பிச் செய்வதாக அது முடியும். பாசிசக் கட்டடமும் ஒரு வரலாற்று ஆவணமே. அதனை 1940இன் கட்டடம் என்று பெயரிட்டு அழைத்தல் வேண்டும். அதன் கீழ்ப்பகுதியில் எங்குப் பழைய கல் முடிகின்றது, எங்கு ஊகம் தொடங்குகின்றது என்பதைப் பயணி கண்ணாற் காணுமாறு குறித்துவைத்தல் வேண்டும். மாளிகையிலே இத்தாலிய மன்னரின் பெயரும், முசோலினியின் பெயரும், ஆளுநரின் பெயரும், பாசிச யுகத்தின் பதினெட்டாம் ஆண்டும் பொறித்த கல்வெட்டு ஒன்று இன்றும் உள்ளது. பயணிகளுட் பெரும்பாலோர் அதனைப் படிப்பதில்லை. இலத்தீன் சாயலான அவ்வெழுத்துகளைப் போர்த்துறவியர் காலத்தனவாகவே எண்ணி ஒளிப்படம் எடுத்துக்கொண்டு போவோரும் இருக்கக்கூடும். அக்கல்வெட்டின் பொருளை அதன் அருகிலேயே பல மொழிகளில், துருக்கி மொழியும் யூத ஸ்பானிய மொழியும் உட்பட, எழுதி வைத்தற்குப் பெருஞ்செலவு ஆகாது. போர்த்துறவியர் வீதியின் பலகணிகளை மீண்டும் பொருத்தத் தேவையில்லை. அவை இருந்த நிலையைக் காட்டும் பழைய ஒளிப்படங்களை அவ்வச் சுவரின் முன்னே நிறுத்தினாற் போதும். பூட்டிய பள்ளிவாசல்களைத் திறத்தல் இதனினும் கடினமானது. ஏனெனில் அதற்குப் பணத்தோடு மனமும் வேண்டும். நகரின் பெயரிலுள்ள ‘மத்தியகால’ என்னும் அடைமொழியை நீக்குமாறு கேட்டல் யுனெஸ்கோவின் உறுப்பு நாடான கிரேக்கத்தின் கையில் உள்ளது.

கோஸ் தீவின் தளங்கள் எஞ்சியுள்ளன. அவை பெயர்க்கப்பட்டபோது கோஸ், உரோட்ஸ் இரண்டும் ஒரே ஆளுநரின் கீழிருந்தன. இன்று இரண்டும் ஒரே நாட்டின், ஒரே தொல்பொருட் சேவையின் பொறுப்பில் உள்ளன. பிரித்தானிய நூதனசாலையிலிருந்து பார்த்தெனன் சிற்பங்களை மீளப்பெறக் கிரேக்கம் நெடுங்காலமாக நியாயமாகவே வாதாடி வருகின்றது. அவ்வாதத்தின் ஒரு பகுதியேனும், ஓரிரு மணிநேரக் கடற்பயணத் தொலைவிலுள்ள கோஸ் தீவுக்கும் பொருந்துமா என்பதை ஏதென்ஸ் அமைச்சகம் விடையளிக்கவேண்டிய வினாவாக எவரும் இன்னும் உரத்துக் கேட்கவில்லை.